தெருவோரத்து அருகு

கல்யாண வீட்டில் தம்பதிகளை வாழ்த்தும் பெரியவர்கள், "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று சொல்வது வழக்கம். ஆலமரத்தின் பெருமையை யாரும் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அருகின் பெருமைதான் கொஞ்சம் ஆச்சரியமானது. பிள்ளையாருக்குச் சாத்த ஒரு கைப்பிடி பறிக்கிறோம். மறு வாரம் போனால் பறித்த சுவடே தெரியாது. வெயிலில் சருகாகிவிட்டது என்று நினைப்போம். ஒரு தூற்றல் விழுந்தால் போதும், எழுந்து நின்றுவிடும். கணுவுக்குக் கணு வேர்விடும் சாதி அது.

அந்த அருகு எவ்வளவு தூரம் வேரோடியிருக்கிறது தெரியுமா? இந்து மகாசமுத்திரத்தைத் தாண்டி, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருக்கும் பெர்த் நகரம் வரையில் ஓடியிருக்கிறது. அங்கே அதற்குக் 'கூச்' என்று பெயர். தெருவுக்குத் தெரு, வீட்டு வாசலுக்கு வெளியே பச்சை ஜமக்காளம் விரித்தாற்போல் வளர்த்து, தண்ணீர் இறைத்து, வாரந்தோறும் கத்தரித்து அவர்கள் போற்றி வந்தது இந்த அருகையும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்குயுப் புல்லையும், இன்னும் இரண்டொரு வந்தேறிப் புற்களையும்தான். இப்போது பல வீட்டுக்காரர்கள் அந்த ஜமக்காளத்தைச் சுருட்டி எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய செடிகளை வைக்கிறார்கள். என்ன வைக்கலாம், எவ்வளவு உயரம் போகலாம், சாலையிலிருந்து எத்தனை தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்றெல்லாம் நகரசபைகள் விதி செய்திருக்கின்றன.

'புல்லுக்கும் செடிக்கும் விதி. இதிலே சரித்திரம் என்ன இருக்கிறது?' என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு விதியைப் பிடித்து இழுத்தால் அதன் பின்னால் ஒரு நகரத்தின் கதை முழுவதும் வருகிறது, அருகை இழுத்தால் கொடி நீளமாக வருவதைப்போல.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் எல்லை முடிந்த பிறகு, வண்டி போகும் தார்ச்சாலை தொடங்குவதற்கு முன்னால், நடுவே ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. ஆங்கிலத்தில் 'வெர்ஜ்' என்கிறார்கள். தமிழில் அதற்குச் சரியான சொல் கிடையாது என்று சிலர் வருத்தப்படக் கூடும். எனக்கு வருத்தமில்லை. 'புறம்போக்கு' என்ற அருமையான சொல் நம் ரெவின்யூ கணக்குகளில் இருக்கிறது. மனிதர்களைத் திட்டுவதற்கு அதை உபயோகித்து அதன் மரியாதையை நாம்தான் கெடுத்துவிட்டோம்.

அந்தத் தெருப் புறம்போக்கு எப்படி வந்தது? இங்கிலாந்தின் கணித அறிஞர் எட்மண்ட் கண்டர், 17-ஆம் நூற்றாண்டில் நிலம் அளக்க ஒரு சங்கிலி செய்தார். அதன் நீளம் 66 அடி. ஆஸ்திரேலியாவில் நிலம் அளந்த சர்வேயர்கள் வழக்கமான தெருவுக்கு ஒரு சங்கிலி அகலம் என்று விட்டுக்கொண்டே போனார்கள். கட்டை வண்டியும் மாட்டு மந்தையும் போவதற்கு அது சௌகரியம். பிறகு மோட்டார் வந்தது. குடியிருப்புத் தெருவில் இரண்டு மோட்டார் எதிரும் புதிருமாகப் போக இருபது அடி, இருபத்தைந்து அடி போதும். மிச்சம் நிற்கும் நாற்பது அடிதான் இரண்டு பக்கமும் பிரிந்து வீடுகளுக்கு முன்னால் கிடக்கிறது. குழாயும் கம்பியும் அதற்கடியில் ஓடுகின்றன. மேலே புல் ஓடுகிறது.

பெர்த்தில் சில நாள் தங்கியிருந்தபோது, என் சித்தப்பா மகன் இந்தத் துண்டு நிலத்தில் மண்வெட்டியும் கையுமாக நிற்பதைக் கண்டேன்.

"இது உன் இடமாடா?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணா. இடம் கவுன்சிலுடையது. முதுகுவலி மட்டும் நம்முடையது" என்றான்.

சட்டத்தின் சாரம் முழுவதையும் அவன் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டான். தெரு நிலம் சர்க்காருக்குச் சொந்தம், நிர்வாகம் நகரசபைக்கு, பராமரிப்பு எதிர்வீட்டுக்காரருக்கு அல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கு அல்ல, எவருடைய மனை அதை ஒட்டியிருக்கிறதோ அவருக்கு. உரிமை ஓரிடத்தில், உழைப்பு ஓரிடத்தில். இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி நகரத்தின் பிறப்பைப் பார்ப்போம். கப்பல் தலைவர் ஜேம்ஸ் ஸ்டர்லிங் ஸ்வான் நதிக் கரையில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவியது 1829-இல். அவ்வருஷம் ஆகஸ்டு 12-ஆம் தேதி பெர்த் நகரம் முறைப்படி ஸ்தாபிக்கப்பட்டது. நம்மவர்கள் ஒரு ஊருக்குக் கால்கோள் செய்தால் பூமி பூஜை போடுவார்கள். ஒரு மரக்கன்றாவது நடுவார்கள். பெர்த் நகரத்துக்குக் கால்கோள் எப்படி நடந்தது தெரியுமா? ஒரு மரத்தை வெட்டி! கூட வந்திருந்த கப்பல் அதிகாரி ஒருவரின் மனைவி திருமதி டான்ஸ், கோடரியை ஓங்கி முதல் வெட்டுப் போட்டார். நூறு வருஷம் கழித்து, 1929-இல், ஜார்ஜ் பிட் மாரிஸன் என்ற ஓவியர் அந்தக் காட்சியை வரைந்தார். கையில் கோடரியோடு சீமாட்டி, சுற்றிலும் சீருடைக்காரர்கள்.

குடியேறியவர்களை நான் குறை சொல்லப் புறப்படவில்லை. ஊரை விட்டு, உறவை விட்டு, பல மாதம் கடலில் வந்தவர்களுக்கு, ஊரிலிருந்த பூவையும் புல்லையும் பார்க்க ஆசை இருக்காதா? மலேயாவுக்குப் போன நம்மவர்கள் கறிவேப்பிலைக் கன்றையும் முருங்கைக் கொம்பையும் தேடி அலைந்ததில்லையா?

பெர்த்துக்குத் தெற்கே கடலோரத்தில் அகஸ்டா என்று ஓர் ஊர் இருக்கிறது. 1830-இல் அங்கே ஜார்ஜியானா மொலாய் என்ற இளம்பெண் கணவரோடு வந்து இறங்கினாள். வந்த சில நாளில் கூடாரத்தில் பிரசவம், குழந்தை தங்கவில்லை. அவளும் மற்றவர்களைப்போல் இங்கிலாந்து விதைகளைத்தான் தோட்டத்தில் தூவினாள். 1836-ஆம் வருஷக் கடைசியில் லண்டனிலிருந்து ஜேம்ஸ் மாங்கிள்ஸ் என்பவர் ஒரு பெட்டி அனுப்பினார். அதற்குள் சீமை விதைகள். கூடவே ஒரு வேண்டுகோள்: காலிப் பெட்டியில் உங்கள் ஊர்க் காட்டுச் செடிகளின் விதையை நிரப்பி அனுப்ப வேண்டும். அடுத்த வருஷம் அவளுடைய சின்னஞ்சிறு மகன், ஒன்றரை வயசுக் குழந்தை, வீட்டுக் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். துக்கத்தோடு துக்கமாக அவள் காட்டுக்குள் நடக்க ஆரம்பித்தாள். எது எப்போது பூக்கிறது, எப்போது விதை முற்றுகிறது, எந்த நாளில் காய் வெடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சேகரித்தாள். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான நூங்கார் மக்கள் அவளுக்கு உதவி செய்தார்கள். 1843-இல் அவள் கண்ணை மூடினாள். அவள் பெயரால் ஒரு பூஞ்செடி இன்றும் வழங்குகிறது: பொரோனியா மொலாயே.

கதாசிரியனாக இருந்தால் இந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வராது. அவள் அனுப்பிய விதைகள் இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில் ராஜோபசாரத்துடன் முளைத்தன. அதே செடிகளுக்கு அவற்றின் சொந்த ஊரில் 'புதர்' என்று பெயர். வெட்டிச் சாய்க்க வேண்டிய சத்துரு. வீட்டில் வேலைக்காரியாக நடத்தப்பட்டவள் வெளியூரில் ராணியாக வீற்றிருந்த கதைதான்!

புதரின் மேல் இருந்த இந்த மனத்தாங்கல் குழந்தைகளின் கதைப் புத்தகத்துக்குள்ளும் புகுந்தது. 1918-இல் மே கிப்ஸ் என்ற எழுத்தாளர் கொட்டைக்குள் பிறந்த குழந்தைகளைப் பற்றி ஒரு கதை எழுதிப் படமும் போட்டார். ஆஸ்திரேலியாவில் பல தலைமுறைக் குழந்தைகள் அதைப் படித்து வளர்ந்தார்கள். அவர் சிறுமியாக மேற்கு ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். அவருடைய கதையில் வில்லன்கள் யார் என்றால், பாங்க்சியா மரத்தின் முரட்டுக் காய்கள்! பாங்க்சியா என்பது அந்த மணல் வெளிக்கே உரிய மரம். நீண்ட விளக்குத் திரிபோல் பூக்கும். தேன்சிட்டு இனங்கள் மொய்க்கும். மே கிப்ஸ் அந்த நாட்டுக் காட்டை நேசித்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் படுக்கையறையில் குழந்தைகள் பயந்தது பாங்க்சியாக் காய்க்குத்தான்.

புல்லுக்கு வாழ்வு வந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு. புதிய பேட்டைகள், புதிய வீடுகள், புதிய மோட்டார்கள். 1952-இல் ஸிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்ஸன் தம் வீட்டுக் கொட்டகையில் 'விக்டா' என்ற புல்வெட்டும் எந்திரத்தைச் செய்தார். அதற்கப்புறம் சனிக்கிழமை காலையென்றால் நாடெங்கும் அதன் உறுமல்தான். வாசலில் ஒட்ட வெட்டிய புல் இருந்தால் அந்த வீட்டார் ஒழுங்கானவர்கள். இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் பேச்சு. நம் ஊரில் வாசல் தெளித்துக் கோலம் போடாத வீட்டைப் பற்றி என்ன பேசுவோமோ, அதே பேச்சு.

ஆனால் பெர்த் நகரம் உட்கார்ந்திருப்பது மணல்மேல். அந்த மணலில் சத்து மிகக் குறைவு. லட்சக்கணக்கான வருஷமாக அந்தப் பஞ்சத்துக்குப் பழகிய செடிகள் அங்கே இருக்கின்றன. பாங்க்சியாவின் வேர்கள் கொத்துக் கொத்தாக மயிரிழைபோல் பிரிந்து, இருக்கும் துளிப் பாஸ்பரஸைத் துருவி எடுத்துக்கொள்ளும். புல்லுக்குப் போடும் பாஸ்பேட் உரத்தை அதற்குப் போட்டால், விருந்தே விஷமாகிச் செத்துவிடும். புல்லுக்கோ உரமும் வேண்டும், கோடை முழுவதும் தண்ணீரும் வேண்டும். பெர்த்தில் கோடை என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை கிட்டத்தட்ட மழையே இல்லாத காலம். ஆகவே ஒரு பக்கம் அணைத் தண்ணீர், ஒரு பக்கம் போர்க் கிணற்றுத் தண்ணீர். இரண்டும் புல்லின் காலடியில் ஓடின.

இந்த இடத்தில்தான் விதிகள் சுவாரஸ்யமாகின்றன. மேற்கு ஆஸ்திரேலிய நகரசபைகள் பலவற்றின் தெருச் சட்டங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. புறம்போக்கில் அனுமதிக்கப்பட்ட காரியங்கள் என்று ஒரு ஜாபிதா இருக்கும். முதலாவது புல் வளர்ப்பது. இரண்டாவது தோட்டம் போடுவது, ஆனால் நிபந்தனையோடு. நடைபாதை இல்லாத தெருவானால் சாலை ஓரத்தையொட்டி இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஜனங்கள் நடக்க வழி விட வேண்டும். வளைவிலும் சந்திப்பிலும் வண்டி ஓட்டுகிறவரின் பார்வையை மறைக்கக் கூடாது. சந்திப்பின் அருகே முக்கால் மீட்டருக்கு மேல் வளரும் செடியே கூடாது. மேலும் குழாய் போடவோ கம்பி புதைக்கவோ அதிகாரம் பெற்றவர்கள் தோட்டத்தைத் தோண்டிப் போட்டால், நஷ்ட ஈடு கேட்க முடியாது.

இவற்றில் அநியாயம் ஒன்றுமில்லை. தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகும் தாயாருக்கு வழி வேண்டாமா? திருப்பத்தில் சைக்கிளில் வரும் பையன் கண்ணில் பட வேண்டாமா? நாட்டுச் செடி கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனாலும் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரிகிறது. நிபந்தனையின்றி முதல் பந்தியில் உட்கார்த்தப்பட்டது புல். செடி நிபந்தனையோடு இரண்டாம் பந்திக்கு வந்த விருந்தாளி. அந்த மண்ணில் முதலில் இருந்தது எது, பின்னால் வந்தது எது என்று சட்டம் கேட்கவேயில்லை.

கேட்க வைத்தது வானம். 1970-களின் நடுவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் மழை குறையத் தொடங்கியது, திரும்பி ஏறவில்லை. மழை குறைந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக அணைகளுக்கு வரும் நீர் குறைந்தது. காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். பிறகுதானே ஓடைக்கு விடும்? 2001-இல் தோட்டத்துக்குத் தெளிப்பான் திறப்பது வாரத்துக்கு இரண்டு நாள் என்று கட்டுப்பாடு வந்தது. 2006-இல் க்வினானாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். 2010-இலிருந்து குளிர்காலத்தில் தெளிப்பானுக்கு அடியோடு தடை. கடல்நீரை வடிகட்டி வாசலில் புல்லுக்கு ஊற்றுவதா என்ற கேள்வி அப்போதுதான் உறைத்தது.

நகரசபைகளின் தொனி மாறியது. 'வைத்துக்கொள்ளலாம்' என்றிருந்தது 'தயவுசெய்து வையுங்கள்' என்றாயிற்று. பெர்த்தை ஒட்டிய வின்சென்ட் நகரசபை 'புறம்போக்கைத் தத்து எடுங்கள்' என்று ஒரு திட்டமே கொண்டுவந்தது. வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் போதும், பழைய புல்லை நகரசபையே தோண்டி எடுத்து, மண்ணை மூட மரச் சீவலும், நடுவதற்கு நாட்டுச் செடிகளும் கொடுத்தது. தத்து என்ற சொல்லை யார் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும். அந்த மண்ணின் பிள்ளையை அந்த மண்ணுக்கே தத்துக் கொடுக்கிறார்கள்!

'நாட்டுச் செடி' என்றால் எது என்பதிலும் சிக்கல் உண்டு. பெர்த் தெருக்களில் எங்கு பார்த்தாலும் நிற்கும் ஒரு மரத்துக்குக் குவீன்ஸ்லாந்துப் பெட்டி மரம் என்று பெயர். கிங்ஸ் பார்க்கின் வாயிலில் வெள்ளைத் தூண்களைப்போல் வரிசையாக நிற்கும் எலுமிச்சை வாசனை யூகலிப்டஸ் மரங்கள் 1938-இல் நட்டவை. இரண்டும் ஆஸ்திரேலிய மரங்களே. ஆனால் பிறந்த வீடு கண்டத்தின் மறுகோடி. தேசப்படத்தில் ஒரே வர்ணம் பூசியிருப்பதால் மண் ஒன்றாகிவிடுமா? நம் நீலகிரியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்ட தைலமரம் அந்த நாட்டுப் பிரஜை. அங்கே பறவைக்குத் தேனும் நிழலும் கொடுப்பது, இங்கே சோலையையும் புல்வெளியையும் விழுங்கியது. நம் அருகு அங்கே போய்ச் செய்ததும் ஏறக்குறைய அதுவே. செடியில் நல்லது கெட்டது கிடையாது. எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி வெறும் அழகு சம்பந்தமானதும் அல்ல. அந்தத் தென்மேற்கு மூலையில் சுமார் 8,000 வகைச் செடிகள் உண்டு. அவற்றில் ஏறத்தாழப் பாதி உலகத்தில் வேறெங்கும் கிடையா. பெர்த் சமவெளியின் பாங்க்சியாக் காடுகளை 2016-இல் மத்திய சர்க்கார் அழிவின் விளிம்பிலுள்ள காடாக அறிவித்தது. கார்னபி என்ற கருங்கிளிக் கூட்டம் பாங்க்சியா விதையைத் தின்று வாழ்வது. காடு துண்டு துண்டான பிறகு, தெருவோரத்து நான்கு செடி அதற்கு வழிச் சத்திரம்.

இது வரையில் சொன்னது செடியின் கதை. அந்த மண்ணின் மனிதர்களின் கதை ஒன்று பக்கத்திலேயே ஓடுகிறது. 1905-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைக் கொண்டு, 1927-இல் பெர்த் நகரத்தின் நடுப்பகுதியை ஆதிக்குடிகளுக்குத் தடைசெய்த பிரதேசமாக அறிவித்தார்கள். வேலைக்காக வருபவருக்கும் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் தன் பாட்டன் மீன் பிடித்த ஆற்றங்கரையில் ஒரு நூங்கார் நடந்தால் குற்றம். மாரிஸன் அந்தக் கால்கோள் படத்தை வரைந்த 1929-இல் இந்தத் தடை அமுலில் இருந்தது. 1954 வரையில் இருந்தது. விக்டா எந்திரம் வந்த பிறகும் இரண்டு வருஷம்.

2006-இல் ஒரு நீதிபதி, பெர்த் நகரப் பகுதியில் நூங்கார் மக்களின் பாரம்பரிய நில உரிமை இன்னும் உயிரோடிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். 2008-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. பல வருஷப் பேச்சுவார்த்தைக்குப் பின் 2021-இல் ஓர் உடன்படிக்கை அமுலுக்கு வந்தது. பாரம்பரிய உரிமைக் கோரிக்கையை அவர்கள் விட்டுக்கொடுப்பது. பதிலாக ஒரு பெரிய அறக்கட்டளைப் பணமும், 3,20,000 ஹெக்டேர் வரை நிலமும். ஆனால் பட்டா போட்ட வீட்டு மனைகளும், போட்டு முடித்த சாலைகளும் அந்தப் பாரம்பரிய உரிமைக்கு என்றோ அப்பாற்பட்டுவிட்டன என்பது ஆஸ்திரேலியச் சட்டம். நாட்டுச் செடி திரும்பி வரலாம் என்று விதி செய்திருக்கும் அந்தத் தெருவிலே, நாட்டின் மூத்த குடி உரிமை பேசிக்கொண்டு வர முடியாது.

நகரசபைகள் இப்போது தோட்டக்காரர்களுக்குச் சொல்லும் புத்திமதிகளில் ஒன்று: 'மக்குரு' காலத்தில் நடுங்கள். நூங்கார் மக்கள் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்தவர்கள்; நாமும் கார், கூதிர் என்று ஆறாகப் பிரித்தவர்கள்தானே? மக்குரு என்பது ஜூன், ஜூலை மாத மழைக்காலம். அப்போது நட்ட செடி வேர் பிடித்துக் கோடையைத் தாங்கும். குறைந்தது 45,000 வருஷம் அந்த மண்ணில் இருந்தவர்கள் கண்ட உண்மை இது. இன்று அது துண்டுப் பிரசுரத்தில் அச்சாகி வீடு வீடாகப் போகிறது. நல்ல காரியம்தான். பூ திரும்புகிறது, பறவை திரும்புகிறது, சொல்லும் ஒன்றிரண்டு திரும்புகிறது.

என் தம்பி அந்தத் துண்டு நிலத்தில் கங்காரு பாதம்போல் பூக்கும் ஒரு செடியை வைத்துக்கொண்டிருந்தான். "நாளைக்கே குழாய்க்காரன் வந்து தோண்டிப் போட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "என்ன செய்வது அண்ணா, பத்திரம் நம் பேரில் இல்லையே" என்றான். பராமரிப்பது நாம், பத்திரம் மட்டும் வேறொருவர் பேரில். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அந்த வார்த்தையின் கனம் அவ்வூரில் யாருக்கு நன்றாகத் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.